ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறது: லாரியின் ஆயில் கூலரைச் சரிசெய்யலாமா, மாற்ற வேண்டுமா?

மாதவரத்தில் நிற்கும் உங்கள் டீசல் லாரியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொழகொழவென்று ஆயில் என்கிறீர்கள். முதல் சந்தேகம் ஆயில் கூலர்தான், அதாவது எஞ்சின் ஆயிலின் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்கு (கூலன்ட்டுக்கு) கடத்தும் பாகம். எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் போனாலும் இப்படி வரலாம், ஆனால் கூலரைச் சோதிக்காமல் ஹெட்டை இறக்க விடாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட்டைவிட அதிகம். எனவே கூலருக்குள் ஓட்டை விழுந்தால் ஆயில் தண்ணீர்ப் பக்கம் போகும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சட்டென்று விழும். சூடான கூலன்ட்டின் அழுத்தமோ கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலில் இறங்கலாம். பேரிங்குக்கு அதுதான் எமன். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கூலரைக் கழற்றி, ஆயில் துளைகளை அடைத்து, மேனுவலில் சொன்ன அளவு காற்று ஏற்றி வெந்நீர்த் தொட்டியில் முக்குங்கள். தகட்டிலிருந்து குமிழி வந்தால் கோர், அதாவது தகடுகள் அடுக்கிய உள்பகுதி, போச்சு; மாற்றத்தான் வேண்டும். பற்றவைத்து ஓட்டுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. குமிழியே இல்லையென்றால் கூலரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கூலர் கேஸ்கெட்டைப் பாருங்கள். இரண்டையும் எப்படியும் புதிதாகவே போடுங்கள்.

புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய கூலர் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் பேரிங் உருகிய எஞ்சினிலிருந்து வந்ததாக இருந்தால், எவ்வளவு கழுவினாலும் தகடுகளுக்கிடையே உலோகத்தூள் ஒளிந்திருக்கும்.

அப்புறம், ஆயில், ஃபில்டர் மாற்றி, கூலன்ட் பாதை முழுவதையும் கழுவுங்கள். ஆயில் பட்டு ஊதிப்போன ரப்பர் ஹோஸை மாற்றிவிடுங்கள். போர்வெல் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து கோர் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கலக்காத கூலன்ட் என்றால், அதுவும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.