நண்பரிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். உடன் வேலை பார்க்கும் இந்து நண்பரோடு பத்தாண்டுப் பழக்கம். என் விசுவாசத்தை அவரிடம் சொல்லப்போய், காப்பிக் கடையில் விக்கிரக வழிபாட்டைப் பற்றிய வாக்குவாதத்தில் முடிந்தது. இப்போது அவர் வேறு மேசையில் சாப்பிடுகிறார். ஊரில் அவர் தாயாருக்கு உடல்நலமில்லை என்பதைக்கூடப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். என்ன செய்வது?

பதில்: முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "அன்று உங்கள் மனத்தைப் புண்படுத்திவிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனால்" என்று இழுத்து இன்னொரு வசனம் சொல்லாதீர்கள்.

இருபது வயதில் நானும் இதே தவற்றைச் செய்தேன். தீபாவளி முறுக்கோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், தட்டைக் கையில் வாங்கிக்கொண்டே விக்கிரகங்களைப் பற்றிப் பேசினேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, அது எங்கள் அம்மா கும்பிட்ட சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறு ஆண்டு தட்டு வரவில்லை. நான் வாதம் என்று நினைத்துப் பேசியது அவர் தாயின் நினைவைச் சுட்டிருக்கிறது.

அடுத்தது நம் சபைத் தமிழ். இதை யாரும் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். "ஆவி என்மேல் இறங்கினார்" என்றால், ஆவி என்பதைப் பேய்க் கதைகளில் மட்டுமே கேட்டவர் என்ன நினைப்பார்? "நாம் எல்லோரும் பாவிகள்" என்பது நமக்கு வேதப்பாடம். அவர் வீட்டிலோ "அடப் பாவி" என்பது வசவு. "இரட்சிக்கப்பட்டேன்" என்று சொல்வதைவிட நடந்ததைச் சொல்லுங்கள். குடியை விட்டீர்களா? பேசாதிருந்த அண்ணன் வீட்டுக்குப் படியேறிப் போனீர்களா? அன்று உங்களுக்குள் என்ன நிகழ்ந்தது? சாட்சி என்பது அதுதான். அதை யாரும் மறுத்து வாதாட முடியாது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படியுங்கள். அத்தேனே பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு பவுலின் உள்ளம் கொதித்தது. ஆனாலும் பேச எழுந்தபோது, அறியப்படாத தேவனுக்கு அவர்களே எழுப்பிய பலிபீடத்திலிருந்துதான் தொடங்கினார். அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துச் சொன்னார். அப்படியும் சிலர் பரிகசித்தார்கள், சிலர் பிறகு கேட்கிறோம் என்றார்கள், சிலரே விசுவாசித்தார்கள். பவுலுக்கே அப்படியென்றால், உங்கள் நண்பர் தயங்குவதை உங்கள் தோல்வியாக எண்ண வேண்டாம்.

சட்டத்தையும் அறிந்திருங்கள். சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிற சமயத்தை இழிவுபடுத்துவதற்கு அது இடம் தரவில்லை. அப்படிப்பட்ட துண்டுப்பிரதிகளை அஞ்சலில் அனுப்பிய தம்பதிக்கு 2009இல் எட்டு வாரச் சிறை கிடைத்தது. உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் இந்தப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். அவரால் மனம் திறந்து மறுக்க முடியாது.

"விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறார் பேதுரு. உங்கள் நண்பர் இன்னும் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் இப்போது நீங்கள்தான். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பிறகு, "அம்மாவுக்காக நான் ஜெபிக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் அந்த மேசையிலேயே, தாயார் பெயரைச் சொல்லி, இரண்டு வரியில் ஜெபியுங்கள். வேண்டாம் என்றால், வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள்.