முதல் குழந்தைக்குத் தலசீமியா: அடுத்த மூன்றும் தப்புமா?

கேள்வி: எங்கள் மூன்று வயது மகனுக்குத் தலசீமியா மேஜர் என்ற கடுமையான பரம்பரை இரத்தச்சோகை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எழும்பூருக்குப் போய் இரத்தம் ஏற்றி வருகிறோம். என் கணவர் எனக்கு அத்தை மகன். எங்கள் இருவருக்கும் தலசீமியா மைனர் என்றும், நான்கில் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்றும் சொன்னார்கள். அந்த ஒன்று வந்துவிட்டதே, அடுத்த மூன்று குழந்தைகளும் நன்றாகப் பிறக்கும்தானே? இது பெண் வழியில் வந்த நோய் என்கிறார் மாமியார். என் தம்பிக்கும் பெண் பார்க்கிறோம்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: இல்லை அம்மா. நான்கில் ஒன்று என்பது ரேஷன் கணக்கு அல்ல, ஒன்று கொடுத்தாகிவிட்டது, இனி மூன்று பாக்கி என்று கழிப்பதற்கு.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்து உருட்டிப் பாருங்கள். அதற்கு நான்கு பக்கம். இப்போது ஒன்று விழுந்தது என்பதற்காக அடுத்த மூன்று உருட்டலில் அது விழாமல் இருக்குமா? போன முறை விழுந்தது கட்டைக்குத் தெரியாது. கருவுக்கும் அண்ணனைப் பற்றித் தெரியாது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு அதே 25 சதவீதம். இத்தகைய தம்பதியரில் நான்கு பிள்ளை பெற்றவர்களை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கும் நோய் இருக்காது. வேறு சில வீடுகளில் இரண்டு, மூன்று பேருக்கு வந்திருக்கும்.

காரணம் இதுதான். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது எல்லோரிடமும் இரண்டு பிரதிகளாக உண்டு, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. உங்களிடம் ஒன்று பழுது, ஒன்று நல்லது; இதைத்தான் மைனர் என்கிறோம். கணவருக்கும் அப்படியே. நல்ல பிரதி சமாளித்துவிடுவதால் உங்களுக்கு இலேசான சோகையோடு போயிற்று. கர்ப்பத்தில் மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல் போகும் சிலரிடம் பின்னணியில் இருப்பது இந்த மைனர்தான். உங்கள் மகனுக்கு இரு பக்கமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தது. ஒருவர் மட்டும் கொடுத்து மேஜர் வராது. மாமியாரிடம் இதை உங்கள் கணவர் சொல்வதுதான் நியாயம்.

சொந்தத்தில் திருமணம் செய்ததுதான் காரணமா என்றால், அது வாய்ப்பைக் கூட்டியிருக்கிறது. பொதுவான தாத்தா பாட்டியிடம் இருந்த ஒரே பழுது இரு கிளைகளிலும் இறங்கி உங்கள் வீட்டில் சந்தித்திருக்கலாம். அந்நியத்தில் மணந்தவர்களுக்கும் இது வருகிறது. நடந்து முடிந்த கல்யாணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்த குழந்தை வேண்டுமென்றால், கருத்தரிக்கும் முன்பே உங்கள் மூவரின் இரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்குக் கொடுத்து, பழுது எது என்று கண்டுபிடித்து வையுங்கள். அது தெரிந்தால், கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துக் கருவின் நிலையை அறியலாம். இதில் கருச்சிதைவு ஆபத்து சிறிதளவு உண்டு. முடிவு என்னவானாலும் மேற்கொண்டு என்ன செய்வது என்பதை நீங்கள் இருவரும் மரபியல் ஆலோசகரோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போன பிறகு ஓடத் தொடங்கினால் நாள் போதாது.

உங்கள் தம்பிக்கும் மைனர் இருக்கக் குறைந்தது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் எச்பிஎல்சி என்ற இரத்தப் பரிசோதனையை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். அவருக்கு இருந்தால் மட்டும் பெண்ணுக்கும் பார்த்தால் போதும்.