ஷார்ட்வேவில் ஒரே இரைச்சலா?

கேள்வி: புதிதாக ஒரு கையடக்க ஷார்ட்வேவ் ரேடியோ வாங்கினேன். ஆட்டோ ஸ்கேன் போட்டால் இரண்டு மூன்று ஸ்டேஷன்தான் நிற்கிறது, மற்றதெல்லாம் இரைச்சல். ரேடியோவில் கோளாறா?
- ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: பெரும்பாலும் இருக்காது. ஸ்கேன் பலமான சிக்னலில் மட்டும்தான் நிற்கும், மெல்லிசாக வரும் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விடும், அதனால் இருட்டிய பிறகு 49, 41, 31 மீட்டர் பேண்டுகளில், அதாவது சுமார் 5900 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை, 5 கிலோஹெர்ட்ஸ் படியில் (ஒவ்வொரு திருகலுக்கும் 5 கிலோஹெர்ட்ஸ் நகரும்படி) நீங்களே குமிழைத் திருகிப் பாருங்கள். பகலில் 13000-க்கு மேலே தேடுங்கள். குரல் கிடைத்ததும் படியை 1-க்கு மாற்றி, தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பக்கத்து ஸ்டேஷன் இடித்தால் பேண்ட்விட்த்தை, அதாவது ரேடியோ ஒரே நேரத்தில் எடுக்கும் அலைவரிசையின் அகலத்தை, குறையுங்கள். குரல் கொஞ்சம் மங்கும், ஆனால் பேச்சு புரியும்.

அப்புறம், வீட்டுக்குள் எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே இரைச்சல் கிளப்பும். பேட்டரியில் போட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள், அதுதான் முதல் வைத்தியம். நாலைந்து மீட்டர் ஒயரை ஏரியலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் இன்னும் நன்றாக எடுக்கும். ஐப்பசி மழையில் இடி கேட்டால் மட்டும் ஒயரை உடனே கழற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள்.