வாசகர் கேள்வி – பதில்: கருவி இல்லாமல் கடல் கடந்த மீகாமன்

கேள்வி: பசிபிக் தீவு மக்கள் திசைகாட்டியோ வரைபடமோ இல்லாமல் பாய்மரப் படகில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சென்றதாகப் படித்தேன். நாற்புறமும் நீராக இருக்கும் கடலில், பல நாள் பயணத்துக்குப் பின் ஒரு சிறு தீவை அவர்கள் எப்படிக் கண்டடைந்தார்கள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: இக்கேள்விக்குச் செயலால் விடை தந்த பயணம் ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டு மே 1 அன்று, ஹவாயின் மௌயி தீவிலிருந்து ‘ஹொக்குலேயா’ என்னும் 62 அடி நீளப் படகு, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தஹித்தியை நோக்கிப் புறப்பட்டது. இரு படகுகளைக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, இடையே தளம் அமைத்த கலம் அது. கட்டுமானத்தில் ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும் இருந்தன என்றாலும், அதன் வடிவம் பழைய மரபைத் தழுவியது. வழி காணக் கருவி எதையும் பயன்படுத்துவதில்லை என்பது அப்பயணத்தின் விதி. மீகாமனாக இருந்தவர் மைக்ரோனீசியாவின் சதவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாயிலுக்.

ஒரு விண்மீன் ஆண்டு முழுவதும் அடிவானத்தில் ஒரே இடத்தில்தான் உதிக்கும். ஒரே இடத்தில்தான் மறையும். ஆகவே எந்தெந்த விண்மீன்கள் ஒரே புள்ளியில் அடுத்தடுத்து எழுகின்றன என்பதை மனப்பாடமாக அறிந்தவருக்கு, இரவு முழுவதும் திசை தெரிந்துகொண்டே இருக்கும். பகலில் காலை, மாலைச் சூரியன் உதவும். உச்சிவேளையிலும் மேகம் மூடிய இரவிலும் கைகொடுப்பவை, நெடுந்தொலைவிலிருந்து சீராக உருண்டு வரும் நீண்ட அலைகள். உள்ளூர்க் காற்று மாறினாலும் இந்த அலைகள் உடனே திசை மாறுவதில்லை. அவை படகின் முனையைத் தூக்குகின்றனவா, பக்கவாட்டில் சாய்க்கின்றனவா என்பதைப் படுத்த நிலையிலேயே உடலால் உணர்ந்து, படகு வழி விலகியதை மாவ் சொல்லிவிடுவார் என்று உடன் சென்றவர்கள் வியந்திருக்கிறார்கள்.

திசை தெரிந்தால் மட்டும் போதாது. தஹித்தி ஹவாய்க்கு நேர்த் தெற்கில் இல்லை. சற்றுக் கிழக்கே தள்ளி இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வடகிழக்கு வியாபாரக் காற்றும் தெற்கே தென்கிழக்கு வியாபாரக் காற்றும் வீசுகின்றன. கடல் நீரோட்டமும் பெரும்பாலும் மேற்கே தள்ளுகிறது. மேற்கே ஒதுங்கிவிட்டால் காற்றை எதிர்த்துத் திரும்புவது மிகக் கடினம். எனவே தொடக்கத்திலிருந்தே கிழக்கு நோக்கி இழுத்துப் பிடித்துச் செல்ல வேண்டும். இரண்டு காற்றுகளுக்கும் இடையே காற்று ஓய்ந்து கிடக்கும் கடற்பகுதியில் பாய் தொங்கிவிடும். மேகமும் மழையும் வானத்தை மறைக்கும். மீகாமனுக்கு மிகக் கடுமையான சோதனை அங்கேதான். படகின் வேகம், சென்ற நேரம், ஒதுங்கிய அளவு எல்லாவற்றையும் எழுதி வைக்காமல் நினைவிலேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதால், அவர் சிறு சிறு தூக்கத்துக்கு மேல் கண்ணயர முடியாது.

இறுதியில், நீங்கள் கேட்ட சிறு தீவு. அவர்கள் அந்த ஒரு புள்ளியைக் குறிவைப்பதில்லை. தஹித்திக்கு வடகிழக்கிலும் கிழக்கிலும் துவாமோத்து பவளத்தீவுகள் நெடுந்தூரம் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் எதை அடைந்தாலும் இடம் தெரிந்துவிடும். மேலும், கரையில் கூடு கட்டும் ஆலாப் பறவைகள் காலையில் மீன் தேடக் கடலுக்குப் பறந்து, மாலையில் கரை திரும்பும். அந்தி வேளையில் அவை பறக்கும் திசையே நிலத்தின் திசை. ஹொக்குலேயா முதலில் மத்தைவா என்னும் பவளத்தீவை அடைந்து, ஜூன் 4 அன்று தஹித்தியின் பப்பேத்தே துறைமுகத்தில் நுழைந்தது.

கேள்வி: அம்மக்கள் புயலிலும் நீரோட்டத்திலும் தற்செயலாக அடித்துச் செல்லப்பட்டே அத்தீவுகளில் குடியேறினார்கள் என்றும் சொல்கிறார்களே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்து அறிஞர் ஏறக்குறைய அப்படித்தான் வாதிட்டார், கருவியின்றி நெடுந்தொலைவு போய்த் திரும்புவது இயலாது என்பது அவர் முடிவு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1970களில் காற்று, நீரோட்டக் கணக்குகளைக் கணினியில் இட்டு ஆராய்ந்தபோது, பாலினீசியாவின் மற்றத் தீவுகளிலிருந்து வெறுமனே மிதந்து ஹவாயை அடையும் வாய்ப்பு அநேகமாக இல்லை என்றே தெரிந்தது. தற்செயலாக ஒதுங்கியவர்கள் பயிர்க்கன்றுகளையும் பன்றி, கோழி, நாய்களையும் குடும்பத்தோடு ஏற்றி வந்திருப்பார்கள் என்பதும் நம்பத்தக்கதாக இல்லை. ஒரு பயணம் வெற்றி பெற்றதால் பழங்காலத்தவர் அவ்வாறே சென்றார்கள் என்று நிறுவப்பட்டுவிடாது. ஆனால் ‘இயலாது’ என்ற வாதம் அதோடு வலுவிழந்தது.

கேள்வி: திரும்பும்போதும் அப்படியே வந்தார்களா? அந்த அறிவு இன்று எஞ்சியிருக்கிறதா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: 1976இல் மாவ் தஹித்தியிலிருந்தே தம் ஊருக்குப் போய்விட்டார்; படகு கருவிகளின் உதவியோடுதான் ஹவாய் திரும்பியது. 1980இல் நைனோவா தாம்சன் என்ற ஹவாய் இளைஞர், மாவிடம் கற்று, போகும் வழியையும் வரும் வழியையும் கருவியின்றியே கடந்தார். வடக்கே திரும்பும்போது உதவும் விண்மீன்களுள் ஒன்று, நாம் சுவாதி என்றும் ஹவாய் மக்கள் ஹொக்குலேயா என்றும் அழைக்கும் விண்மீன். அது நேர் உச்சியைக் கடக்கத் தொடங்கினால் ஹவாயின் அட்சரேகையை எட்டிவிட்டதாகப் பொருள். அதன்பின் மேற்கே திரும்பினால் தீவுகள் எதிர்ப்படும். 2007இல் சதவால் தீவில் மாவ், தாம்சன் உள்ளிட்ட ஹவாய் மாணவர் ஐவருக்கு, ‘புவோ’ எனப்படும் மரபுச் சடங்கின் வழியே மீகாமன் பட்டம் அளித்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2010இல் அவர் மறைந்தார். ஹொக்குலேயா உலகைச் சுற்றி 2017 ஜூனில் ஹொனலுலு திரும்பியது. அதில் பயின்ற இளைய தலைமுறையினர் இப்போது தாங்களே பிறருக்குக் கற்பிக்கிறார்கள்.