விடைபெறும் பதிவு

அன்புள்ள ஐயா,

11 ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் இருக்கிறேன். காலையில் பிரார்த்தனைக்கு முன்பே கை கைபேசிக்குப் போய்விடுகிறது. நம்மை அடிமையாக்கவே இவற்றை இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் எல்லோரிடமும் விடைபெற்று ஒரு பதிவு எழுதிவிட்டு ஃபேஸ்புக்கிலிருந்து விலகினேன். வந்த பதில்களைப் பார்த்து மனம் நெகிழ்ந்துவிட்டது. ஆனால் கண்மூடி அமர்ந்தால் மனம் அலைபாய்கிறது. கணக்கை அடியோடு அழித்துவிடுவதா, முடக்கி வைத்தால் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலகிய பிறகு அந்தப் பதில்களை எப்படிப் பார்த்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். அழிப்பதா முடக்குவதா என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அழித்தாலும் மனம் மாறுவதற்கு 30 நாள் அவகாசம் தருகிறார்கள். உங்களை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வடிவமைப்பைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரிதான். முடிவில்லாமல் கீழே ஓடும் பக்கத்தை 2006-ல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். அதை விடுங்கள்.

நானும் ஒருமுறை விலகினேன். முதல் நாள் காலை, மழை விட்டிருந்தது. கண்ணை மூடி அமர்ந்தேன். கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு கீழே வாளியில் விழுந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தேன். அதுவும் விழுந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மனம் ஓரிடத்தில் நின்றது. உடனே உள்ளே ஒருவன் எழுதத் தொடங்கிவிட்டான்: ‘கைபேசி இல்லாத காலையில்தான் சொட்டின் ஓசை கேட்கிறது.’ ‘கேட்கிறது’ என்பதா, ‘காதில் விழுகிறது’ என்பதா என்று திருத்தமும் செய்தேன், கண்ணைத் திறக்காமலே. சொட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த இவாகிரியஸ் என்ற துறவி, நடுப்பகலில் துறவிகளைப் பிடிக்கும் ஒரு பேயைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பிடித்துவிட்டால் பொழுது நகராது. துறவியின் கண் ஜன்னலுக்கே போகும். எழுந்து வெளியே வந்து சூரியன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பக்கத்துக் குடிலிலிருந்து யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். அவர் கையில் என்ன கைபேசியா இருந்தது?

அடுத்த நூற்றாண்டில் சிரியாவில் சிமியோன் என்பவர், தொட்டு ஆசி பெற வந்த கூட்டத்தின் தொல்லை தாங்காமல் ஒரு தூணின் மேல் ஏறிக்கொண்டார். கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. தூணை இன்னும் உயர்த்தினார். 30 ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார். அந்தத் தவத்தைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் தூண் என்பது எல்லோர் கண்ணிலும் படுவது. உங்கள் விடைபெறும் பதிவும் தூண்தான் அம்மா. அதை வாசித்தவர்களில் நீங்கள் சொல்லியே ஆகவேண்டியவர்கள் எத்தனை பேர்? நான்கு பேரா? அந்த நான்கு பேரைத் தொலைபேசியில் அழைத்திருக்கலாமே. மற்றவர்கள் நீங்கள் இல்லாததைக் கவனிக்காமலே இருந்துவிடுவார்கள் என்ற பயம்தானே அந்தப் பதிவு? எனக்கும் அதே பயம்தான் இருந்தது.

அந்த நெகிழ்ச்சியைப் பொய் என்று சொல்லவில்லை. நம்மை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பெரிய தெம்பு. பிரார்த்தனைக்கு உட்காருகிறவரும் அந்த நம்பிக்கையில்தான் உட்காருகிறார். என்ன, அங்கே இதயக்குறி வராது. பார்த்ததற்கு அடையாளம் எதுவும் வராது. 11 ஆண்டுகள் உடனுக்குடன் பதில் பெற்றுப் பழகிய நமக்கு அந்தப் பதிலின்மை தாங்கவில்லை. அதை மனம் அலைபாய்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.

அலையட்டும். ஜன்னலுக்கு எழுந்து போகாமல் இருங்கள், அது போதும். இதையெல்லாம் நீர் மட்டும் பொதுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பதில் இல்லை.

நாளைக் காலை உட்காருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.