படம் பார்க்கவும் கேம் விளையாடவும் ஒரே டிவி போதுமா?

தாராளமாகப் போதும். ஆனால் இரண்டுக்கும் ஒரே செட்டிங்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது. நான் செய்த தப்பே அதுதான்.

சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேம்களில் (அதாவது தனித்தனிப் படங்களில்) எடுக்கப்படுகிறது. டிவியோ நொடிக்கு 60 அல்லது 120 முறை திரையைப் புதுப்பிக்கிறது. இடைப்பட்ட பிரேம்களைத் தானே உருவாக்கி நிரப்பும் வசதி பல டிவிகளில் வாங்கும்போதே ஆனில் இருக்கும். அதனால்தான் நல்ல படம்கூட மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. செட்டிங்கில் 'மோஷன்' என்ற சொல் வரும் பெயரில் அது இருந்தால் அணைத்துவிடுங்கள். படத்தை எடுத்தபடியே காட்டும் 'பிலிம்மேக்கர் மோட்' இருந்தால் இன்னும் சுலபம்.

கேமில் இதே வேலை வினையாகிறது. படத்தை அலசி மெருகேற்ற டிவிக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பட்டனை அழுத்துவேன், திரையில் ஆள் ஒரு கணம் கழித்துத்தான் குதிப்பான். அதற்குள் பள்ளத்தில் விழுந்தாச்சு. ஒரு வாரம் இன்டர்நெட்டைத் திட்டினேன், விளையாடியதோ ஆஃப்லைன் கேம்! இந்த மெருகேற்றலைக் குறைக்கும் 'கேம் மோட்' போட்டதும் சரியானது.

பிளேஸ்டேஷன் 5 கேம் கருவியில் 4கே (மிகத் துல்லியமான படம்), 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை புதுப்பிப்பு) வேண்டுமென்றால் டிவியில் கேபிள் செருகும் ஹெச்டிஎம்ஐ 2.1 போர்ட் தேவை. சில டிவிகளில் ஒன்றிரண்டு போர்ட்டில் மட்டுமே அது இருக்கும், பார்த்துச் செருகுங்கள். அப்புறம் ஓடிடி. நெட்ஃபிளிக்ஸில் 4கே பிரீமியம் பிளானில்தான் வரும். 15 எம்பிபிஎஸ் வேகமும் வேண்டும். 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அந்தக் கூடுதல் காசு தண்டம் என்பேன்.