பதில்: செல்போன் பில்லில் 911 கட்டணம்

டெக்சஸுக்குக் குடிவந்ததும் வீட்டிலுள்ள நான்கு செல்போன் எண்களுக்கும் தனித்தனியாக 911 (அவசர உதவி எண்) கட்டணம் போட்டிருக்கிறார்கள், ஒருமுறைகூட அழைக்காத நான் ஏன் கட்ட வேண்டும், நீக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடியாது. அது அழைப்புக்கான காசு இல்லை, இணைப்புக்கான காசு. மாநிலச் சட்டப்படி செல்போன் எண் ஒவ்வொன்றுக்கும் மாதம் 50 சென்ட். கம்பெனி வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ப்ரீபெய்டுக்கு மாறினாலும் தப்ப முடியாது, வாங்கும்போதே 2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். லேண்ட்லைனுக்கு மட்டும் ஊருக்கு ஊர் தொகை மாறும்.

சரி, பணம் எங்கே போகிறது? அழைப்பு மையத்தின் கருவிகள், அழைப்பைச் சரியான மையத்துக்குத் திருப்பிவிடும் லைன்கள், எந்தத் தெரு எந்தக் காவல் எல்லையில் வருகிறது என்று காட்டும் முகவரி வரைபடம், இவற்றுக்குத்தான். போனை எடுத்து "என்ன அவசரம்?" என்று கேட்பவரின் சம்பளம் பெரும்பாலும் நகர, கவுண்டி (மாவட்டம் போன்றது) பட்ஜெட்டில் இருந்து வருகிறது. அதாவது அதையும் நீங்கள்தான் சொத்து வரியாகக் கட்டுகிறீர்கள்!

இந்த நிதியை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலங்களும் உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி எஃப்.சி.சி. (மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம்) வருடந்தோறும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தரும் அறிக்கையில் அவற்றின் பெயர் வரும். சந்தேகம் இருந்தால் அதைப் பாருங்கள்.

அப்புறம், இன்டர்நெட் வழியாக ஓடும் வீட்டுப் போன் இருந்தால், கணக்கில் புது முகவரியை உடனே பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிலிருந்து 911ஐ அழைக்கும்போது ஆம்புலன்ஸ் பழைய வீட்டுக்குப் போய் நிற்கலாம்.